செயலியும் இணையதளமும்: கைப்பேசியில் இரு வழிகளின் வரலாறு

கைப்பேசியின் வாயிலாக ஒரு காரியத்தை முடித்துக்கொள்ள இன்று நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. உலாவியைத் திறந்து, முகவரியை எழுதி, ஓர் இணையதளத்திற்குச் செல்வது ஒரு வழி. அந்தக் காரியத்திற்கென்றே அமைந்த செயலியை முன்னதாகவே இறக்கி நிறுவி வைத்துக்கொண்டு, வேண்டும்போது அதன் சின்னத்தைத் தொட்டுத் திறப்பது மற்றொரு வழி. இரயில் சீட்டு வாங்குவதற்கும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும், வானொலியின் நேரலையைக் கேட்பதற்கும் இவ்விரு வழிகளும் உண்டு. இரண்டும் ஒரே இடத்திற்குத்தானே கொண்டு செல்கின்றன, இவற்றை ஒப்பிட்டு ஆராய்வானேன் என்று சிலர் கருதலாம்.

அவ்வாறு கருதுவதற்கில்லை. ஒரு நிறுவனம் எந்த வழியைத் திறந்து வைக்கிறது, எதை அடைத்து வைக்கிறது என்பதைப் பொறுத்தே, யார் உள்ளே வர இயலும், யார் வெளியே நிற்க நேரும் என்பது முடிவாகிறது. பிறந்த மாநிலத்தை விட்டுத் தொலைவில், வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. தில்லி கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும் தாராவியிலும், பெங்களூரின் புறநகர்களிலும் வாழும் தமிழர் பலருக்கு, ஊரோடும் அரசோடும் உள்ள தொடர்பின் பெரும்பகுதி இன்று அந்தச் சிறு திரையின் வழியாகவே நடைபெறுகின்றது. ஆகவே இவ்விரு வழிகளும் எவ்வாறு தோன்றின, எந்தச் சமயத்தில் எது மேலோங்கியது, அவற்றால் பயன்படுத்துவோர் பெற்ற நன்மையும் பட்ட தொல்லையும் யாவை என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவோம்.

தொடக்க காலம்

நம் நாட்டில் கைப்பேசியும் இணையமும் ஒரே ஆண்டில், சுமார் பதினைந்து நாள் இடைவெளியில் பொதுமக்களை வந்தடைந்தன. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த மத்தியத் தொடர்புத்துறை அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவையாயினும் இவை ஒன்று சேரப் பல்லாண்டுகள் ஆயின. கைப்பேசி பேசுவதற்கு, இணையம் மேசைக் கணினிக்கு என்றே மக்கள் எண்ணியிருந்தனர்.

இரண்டையும் இணைக்கும் முதல் முயற்சி மேல்நாட்டில் நடந்தது. நோக்கியா, எரிக்ஸன், மோட்டரோலா முதலிய நிறுவனங்கள் 1997-ல் ஒன்றுகூடி, 'வாப்' எனப்படும் முறையை வகுக்கத் தொடங்கின. 1999-ல் அம்முறையில் இயங்கும் நோக்கியா 7110 கைப்பேசி விற்பனைக்கு வந்தது. ஆயின் அதில் கண்டது உண்மையான இணையம் அன்று. சில வரிகள் மட்டுமே தெரியும் திரையில், வண்ணமும் வடிவமும் இழந்த சொற்கள் வந்தன. தொலைபேசி அழைப்பைப் போலவே, இணைந்திருந்த நேரத்திற்குக் கட்டணம் ஏறிக்கொண்டே சென்றது. ஒரு பக்கம் வந்து சேரும் வரை காத்திருந்ததற்கும் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. அதே 1999-ல் ஜப்பானில் 'ஐ-மோட்' என்னும் சேவை தொடங்கியது. அங்கே நேரத்திற்குக் கட்டணம் இல்லை. பெற்ற தரவின் அளவிற்கே கட்டணம். அச்சேவையை ஜப்பானிய மக்கள் விரும்பி ஏற்றனர். கருவி எத்தன்மையது என்பதைவிட, காத்திருப்பதற்கும் கட்டணத்திற்கும் உள்ள தொடர்பே பயன்படுத்துவோரின் மனத்தைத் தீர்மானிக்கின்றது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

நம் நாட்டில் எளிய கைப்பேசிகளில் இணையத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது, நார்வே நாட்டு நிறுவனம் 2005-ல் வெளியிட்ட 'ஓபரா மினி' என்னும் உலாவியாகும். அது இணையப் பக்கத்தை நேரே கைப்பேசிக்குக் கொண்டுவராமல், முதலில் தன் கணினிகளில் வாங்கிச் சுருக்கி, பிறகே அனுப்பியது. விலை குறைந்த கருவியும் மெதுவான இணைப்பும் உடையவர் அதனால் பயன் பெற்றனர்.

தமிழர்க்கு அது வேறொரு வகையிலும் உதவிற்று. அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் தெரியமாட்டா. வெற்றுக் கட்டங்களே வரிசையாகத் தோன்றும். ஓபரா மினியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தால், அந்நிறுவனத்தின் கணினியே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். இந்த உபாயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தமிழ்ச் செய்திகளைக் கைப்பேசியில் படித்தவர் பலர். அதே 2005-ஆம் ஆண்டில், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' வெளிவந்தது. கைப்பேசியிலேயே தமிழில் எழுதிக் குறுஞ்செய்தியாக அனுப்ப அது வழி செய்தது. ஆக, தமிழ் கைப்பேசிக்குள் நுழைந்த காலத்திலேயே இரு வழிகளும் இருந்தன. படிப்பதற்கு உலாவி துணை நின்றது. எழுதுவதற்கு நிறுவப்பட்ட மென்பொருள் துணை நின்றது. இருவழிகளின் இயல்பும் அவ்வேற்றுமையிலேயே ஓரளவு அடங்கியுள்ளது எனலாம்.

செயலிக் கடையின் தோற்றம்

2007 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. இன்று செயலி என்றாலே நினைவுக்கு வரும் அக்கருவி, பிறர் செய்த செயலி எதையும் ஏற்காமலே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. அம்மாதம் நடந்த மாநாட்டில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், மென்பொருள் வல்லுநர்கள் இணையதளங்களையே செயலிகளைப் போல அமைத்துத் தரலாம் என்று அறிவித்தார். வல்லுநர்கள் அதனால் நிறைவடையவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலேயே நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளுடன் அதன் செயலிக் கடை திறக்கப்பட்டது. அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான கடையும் தொடங்கியது.

செயலியால் என்ன நன்மை என்று கேட்கலாம். இணையதளத்திற்குச் செல்லும்போது, பக்கத்தின் அமைப்பு, படங்கள், பொத்தான்கள், உள்ளடக்கம் ஆகிய யாவும் தொலைவிலுள்ள கணினியிலிருந்து வந்து சேரவேண்டும். செயலியிலோ, அமைப்பும் பொத்தான்களும் நிறுவும்போதே கைப்பேசிக்குள் வந்துவிடுகின்றன. பிறகு வேண்டுவன புதிய விவரங்கள் மாத்திரமே. ஆகவே செயலி விரைந்து திறக்கின்றது. விரலின் அசைவிற்கு உடனே இணங்குகின்றது. இணைப்பு அறுந்த இடத்திலும் ஓரளவு பணி செய்கின்றது. ஒளிப்படக் கருவி, இருக்குமிடத்தை அறியும் வசதி, விரல்ரேகை ஆகியவற்றை எளிதில் பயன்படுத்துகின்றது. நாம் திறவாதிருக்கும்போதும் அறிவிப்பு அனுப்பி நம்மை அழைக்கின்றது.

இவ்வளவு நன்மைக்கும் விலை உண்டு. கைப்பேசியில் இடம் வேண்டும். அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். பழைய கருவியாயின், ஒரு நாள் இக்கருவிக்கு இனிச் செயலி இல்லை என்ற செய்தி வரும். தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் காண அனுமதி கேட்கும். எதற்கென்று அறியாமலே பலர் அனுமதி தந்துவிடுகின்றனர். இணையதளத்திற்கோ இவை பெரும்பாலும் தேவையில்லை. முகவரி ஒன்று போதும். அம்முகவரியை நண்பருக்கு அனுப்பலாம்; தேடுபொறியில் தேடலாம்; மைய நூலகத்துக் கணினியிலும் திறக்கலாம்; காரியம் முடிந்ததும் மூடிவிட்டுச் செல்லலாம்.

இணையதளத்தின் குறை, தொடக்கத்தில் அதன் உருவத்திலேயே இருந்தது. அகன்ற கணினித் திரைக்கென அமைந்த பக்கங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கியும் நகர்த்தியும் படிக்கவேண்டியிருந்தது. 2010 மே மாதம் ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில் இதற்கு வழி கூறினார். ஒரே பக்கமே திரையின் அகலத்தை அறிந்து தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளுமாறு எழுதவேண்டும் என்பது அவர் கருத்து. அம்முறை விரைவிலேயே உலகெங்கும் பரவியது.

அதன் பின்னரும் எது சிறந்தது என்ற வழக்கு ஓயவில்லை. 2011-ல் இலண்டனின் 'பைனான்சியல் டைம்ஸ்' நாளிதழ், செயலிக் கடைக்குச் செலுத்தவேண்டிய பங்கையும் சந்தாதாரர் விவரங்கள் தன் கைக்கு வாராமையையும் கருதி, கடையிலிருந்து தன் செயலியை எடுத்துவிட்டு உலாவியிலேயே இயங்கும் பதிப்பைத் தந்தது. 2012-ல் பேஸ்புக் நிறுவனம் இதற்கு நேர்மாறாக நடந்தது. அதன் செயலி அதுகாறும் உள்ளுக்குள் இணையப் பக்கங்களையே காட்டிவந்தது. அது மெதுவாயிருந்தமையால், முழுவதையும் கைப்பேசிக்குரிய மொழியில் மீண்டும் எழுதினர். இணையத் தொழில்நுட்பத்தை அளவுக்கு மிஞ்சி நம்பியதே தம் நிறுவனம் செய்த பெரும் பிழை என்று அதன் தலைவர் மார்க் ஸக்கர்பர்க் அவ்வாண்டு வெளிப்படையாகவே கூறினார். இரு நிறுவனங்களும் எதிரெதிர்த் திசையில் சென்றன. ஆயினும் இரண்டின் முடிவுக்கும் காரணம் இருந்தது. முன்னது தன் வாசகரோடு நேர்த்தொடர்பை விரும்பியது. பின்னது வேகத்தை விரும்பியது.

2015: நம் நாட்டில் நடந்த சோதனை

செயலி மட்டுமே போதும், இணையதளம் வேண்டாம் என்ற கொள்கை முழு அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட நாடு நம்முடையதே. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளிப்கார்ட் நிறுவனம் தன் கைப்பேசி இணையதளத்தை மூடியது. கைப்பேசி உலாவியில் அதன் முகவரியை எழுதியவர்களைச் செயலியை நிறுவிக்கொள்ளுமாறு அது பணித்தது. அதனோடு சேர்ந்த மிந்திரா நிறுவனம் மேலும் ஒரு படி சென்று, 2015 மே 15 முதல் கணினிக்கான தளத்தையும் மூடி, செயலியில் மாத்திரமே வணிகம் செய்தது. வாங்குவோரில் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே வருகின்றனர், செயலி வைத்திருப்போரே அடிக்கடி வாங்குகின்றனர் என்பன அவர்கள் கண்ட நியாயங்கள்.

அந்த நியாயத்தில் ஒரு குறை இருந்தது. செயலியை நிறுவிக்கொள்பவர், ஏற்கெனவே அடிக்கடி வாங்கும் வழக்கமுடையவர். செயலி அவரை அவ்வாறு ஆக்கிற்று என்று கொள்வது காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக் காண்பதாகும். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்குச் சேலை வாங்க வருபவர், அதற்காக ஒரு செயலியை ஆண்டு முழுதும் சுமந்துகொண்டிருக்க விரும்பமாட்டார். கணினியின் பெரிய திரையில் துணியின் நிறத்தைப் பார்த்து வாங்க விரும்புவோரும் உண்டு. ஓராண்டு கழித்து, 2016 ஜூன் மாதத்தில் மிந்திரா தன் கணினித் தளத்தை மீண்டும் திறந்தது.

பிளிப்கார்ட் அதற்கு முன்னரே, 2015 நவம்பரில், தன் கைப்பேசித் தளத்தைப் புதிய முறையில் திறந்துவிட்டிருந்தது. அவ்வாண்டில்தான் அலெக்ஸ் ரஸ்ஸல், பிரான்சஸ் பெர்ரிமன் என்னும் இருவர் அம்முறைக்கு 'புரோகிரெசிவ் வெப் ஆப்' என்று பெயரிட்டிருந்தனர். வளர்நிலை இணையச் செயலி என்று நாம் அதனைக் கூறலாம். இதன் தத்துவம் எளிது. உலாவிக்கும் இணையத்திற்கும் நடுவே ஒரு சிறு நிரல் அமர்ந்து, ஒருமுறை வந்த பக்கங்களின் நகலைக் கைப்பேசியிலேயே காத்துவைக்கின்றது. அடுத்த முறை திறக்கும்போது பழைய பகுதிகளை உடனே காட்டி, புதியவற்றை மாத்திரம் வாங்கி வருகின்றது. விரும்பினால் அதன் சின்னத்தை முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளலாம். கடைக்குச் சென்று இறக்கவேண்டியதில்லை. ஐபோனில் இவ்வசதி பின்னரே வந்தது. நடுவே அமரும் நிரலுக்கு 2018-லும், முகப்புத் திரையில் வைத்த இணையதளங்கள் அறிவிப்பு அனுப்புவதற்கு 2023-லும் ஆப்பிள் நிறுவனம் இடம் தந்தது. இதனால் இரு வழிகளுக்கும் இடையே இருந்த தொலைவு பெரிதும் குறைந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் தரவின் விலை வீழ்ந்தது. ஒரு பக்கம் எத்தனை பைசா தின்னும் என்ற பழைய கவலை பலரிடம் நீங்கிற்று. அதன் பின்னர், விலையைவிட இடமும் மொழியும் நம்பிக்கையும் முதன்மையான கேள்விகளாயின.

இரயில் சீட்டு கூறும் பாடம்

வெளி மாநிலத் தமிழர்க்கு மிகவும் பழகிய எடுத்துக்காட்டு இரயில் சீட்டே. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையதளத்தில் முன்பதிவைத் தொடங்கியது. அப்போது பணத்தை இணையத்தில் செலுத்தினாலும், சீட்டு தூதஞ்சலில் வீடு தேடி வந்தது. 2005-ல் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் மின்சீட்டு வந்தது. பின்னர் அச்சுத்தாளும் வேண்டாம், கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியே போதும் என்றாயிற்று. 2017 ஜனவரியில் 'ரயில் கனெக்ட்' என்னும் செயலி வந்தது. 2025 ஜூலை 1 அன்று, முன்பதிவுச் சீட்டு, முன்பதிவில்லாச் சீட்டு, புகார் முதலிய பலவற்றையும் ஒன்றுசேர்த்த 'ரயில்ஒன்' செயலி வெளியிடப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் இணையதளம் மூடப்படவில்லை. நிலையத்துச் சாளரமும் மூடப்படவில்லை. வணிக நிறுவனங்கள் 2015-ல் மறந்ததை இரயில்வே மறக்கவில்லை.

செயலியினாலேயே இயலும் பணிக்கும் இரயில்வேயே சான்று. முன்பதிவில்லாச் சீட்டைத் தாளின்றித் தரும் முறை, 2015 ஏப்ரலில் சென்னை எழும்பூருக்கும் தாம்பரத்திற்கும் இடையே தொடங்கப்பெற்றது. சீட்டு வாங்காமல் வண்டியேறியபின், பரிசோதகரைக் கண்டதும் வாங்கிக்கொள்ளும் தந்திரத்தைத் தடுக்கவேண்டியிருந்தது. ஆகவே வாங்குபவர் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கின்றாரா என்பதைக் கைப்பேசியின் இருப்பிட வசதியால் அறிந்தபின்னரே செயலி சீட்டுத் தந்தது. அச்சீட்டைப் பிறர் கருவிக்கு அனுப்பவும் இயலாது. இத்தகைய கட்டுக்காவலைச் சாதாரண இணையப் பக்கத்தில் அமைப்பது கடினம்.

இதற்கு மாறாக, பொங்கலுக்கு ஊர் செல்லப் புதுதில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பத்திற்கே இடம் பார்க்கின்றவருக்கு என்ன வேண்டும்? பல நாள்களையும் பல வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். ஆறு பேரின் பெயரும் வயதும் பிழையின்றி எழுதவேண்டும். அதற்குக் கணினித் திரையும் இணையதளமுமே ஏற்றவை. காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்பிற்கும், 11 மணிக்குப் படுக்கை வகுப்பிற்கும் தத்கால் பதிவு தொடங்கும் அந்த நிமிடங்களில், பெயர்களை முன்பே சேமித்து வைத்துள்ள செயலி கை கொடுக்கலாம். ஒரே மனிதருக்கு ஒரே பயணத்தில், காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் ஏற்றதாதல் கூடும்.

தொற்றுக் காலத்துச் சோதனை

அரசின் சேவைகளில் இவ்வேற்றுமை உயிர்ப்பிரச்சினையாகவே ஆன காலம் கொரோனாத் தொற்றுக் காலமாகும். 2020 ஏப்ரல் 2 அன்று 'ஆரோக்கிய சேது' செயலி வெளியிடப்பட்டது. அருகில் வந்த கைப்பேசிகளைப் புளூடூத் வழியாக அறிந்து குறித்துவைப்பது அதன் பணி. இது உலாவியால் ஆகக்கூடியதன்று. செயலியாகத்தான் இருக்க முடியும். ஆயின் நவீனக் கைப்பேசி இல்லாதவர் நிலை என்ன? அவர்களுக்காக 1921 என்னும் எண்ணுக்குத் தவறிய அழைப்புக் கொடுத்தால் திரும்ப அழைத்து விசாரிக்கும் முறை பின்னர் ஏற்படுத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு தடுப்பூசிக்கான 'கோவின்' பதிவு வந்தது. இங்கே வேறொரு குழப்பம் நேர்ந்தது. 2021 மார்ச்சு 1 அன்று பொதுமக்கள் பதிவு தொடங்கியபோது, பலர் செயலிக் கடையில் கோவின் செயலியைத் தேடிச் சென்றனர். கடையிலிருந்த அச்செயலி தடுப்பூசிப் பணியாளர்க்கு உரியது. பொதுமக்கள் இணையதளத்தில்தான் பதிவு செய்யவேண்டும் என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் தர நேர்ந்தது. எல்லாவற்றிற்கும் செயலி உண்டு என்று பழகிப்போன மக்கள், இணையதளம் என்ற வழியையே மறந்துவிடக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

2021 மே 31 நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், இணையப் பதிவை மாத்திரமே நம்பினால், அவ்வசதியற்ற மக்களைத் தடுப்பூசி சென்றடையாது என்ற கவலையைத் தெரிவித்தது. அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அரசு மையங்களிலும் தனியார் மையங்களிலும் நேரில் சென்று பதிந்துகொள்ள வழி செய்தன. அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் கோவின் தளம் ஆங்கிலத்தோடு இந்தியும் பல மாநில மொழிகளும் கொண்டதாக விரிந்தபோது, முதற்பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை. அது சுட்டிக்காட்டப்பட்டபின் தமிழும் சேர்க்கப்பட்டது. தளம் என்பதால் அச்சேர்க்கை ஒரே இடத்தில் செய்யப்பட்டு எல்லார்க்கும் கிட்டியது. தமிழ்நாட்டில் உள்ளவர்க்கு உதவ அருகே மையப் பணியாளர் உண்டு. குஜராத்திலோ ஒடிசாவிலோ கட்டட வேலை செய்யும் தமிழர்க்கு, தளத்தில் உள்ள மொழியே துணை.

மொழியும் திரையும்

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றேன். செயலியாயினும் தளமாயினும், மொழிபெயர்ப்பாளன் கைக்கு வருவது பெரும்பாலும் சொற்களின் பட்டியலே, திரை வருவதில்லை. 'கேன்சல்' என்ற ஒரு சொல் பட்டியலில் இருக்கும். 'ரத்து செய்' என்று எழுதிவிடலாம். ஆயின் அச்சொல் சீட்டு வாங்கும் திரையில் நிற்கும்போது, இந்தப் படியை விட்டுத் திரும்பு என்று பொருளா, வாங்கிய சீட்டையே ரத்து செய் என்று பொருளா? படிப்பவர் அஞ்சித் தயங்குவார். ஒரிடத்தில் 'திரும்பிச் செல்' என்றும், மற்றோரிடத்தில் 'சீட்டை ரத்து செய்' என்றும் எழுதினால்தான் அச்சம் நீங்கும். அதற்குத் திரையைப் பார்த்தாகவேண்டும். இணையதளமாயின் முகவரியைத் தட்டிப் பார்த்துவிடலாம். செயலியாயின், நிறுவி, கணக்குத் தொடங்கி, ஓ.டி.பி. எண் பெற்று, பல திரைகளைக் கடந்து செல்லவேண்டும்.

சொல்லின் நீளம் மற்றொரு தொல்லை. 'சப்மிட்' என்பதற்கென வரையப்பட்ட பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. செயலியில் பொத்தானின் அகலம் இறுகியிருந்தால் சொல்லின் வால் அறுந்து, மூன்று புள்ளிகள் நிற்கும். உலாவியிலோ எழுத்து அடுத்த வரிக்கு மடங்கலாம். கண் மங்கிய முதியவர் பக்கத்தையே விரலால் விரித்துப் படிக்கலாம். மொழிபெயர்ப்பில் பிழை காணப்பட்டால், தளத்தில் அதனை ஒருமுறை திருத்தினால் அடுத்து வருபவர் அனைவரும் திருத்தத்தையே காண்பர். செயலியின் உள்ளே பதிந்த சொல்லாயின், ஒவ்வொருவரும் புதுப்பிக்கும்வரை பழைய பிழை அவரவர் கைப்பேசியில் இருந்துகொண்டேயிருக்கும்.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு உலாவி தரும் பெரிய வசதி ஒன்று உண்டு. மராத்தியிலோ கன்னடத்திலோ மாத்திரம் உள்ள மாநில அரசுப் பக்கத்தை, உலாவியின் மொழிமாற்று வசதியால் ஓரளவு தமிழிலோ ஆங்கிலத்திலோ காணலாம். இயந்திரத்தின் தமிழ் பல இடங்களில் தடுமாறும். தொகை, நாள், சட்டச் சொல் ஆகியவற்றை அதனை நம்பி முடிவு செய்யலாகாது. எனினும் பக்கம் எதைப் பற்றியது, எந்தக் கட்டத்தில் எதை எழுதவேண்டும் என்பது விளங்கும். செயலிக்குள் இருக்கும் சொற்களைப் பல வேளைகளில் நகலெடுக்கவும் இயலாது.

அரசும் இதனை மெல்ல உணர்ந்து வந்துள்ளது. அரசு இணையதளங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்ற வழிகாட்டு நெறிகள் 2009-ல் வெளியாயின. அவற்றின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு செயலிகளையும் சேர்த்துக்கொண்டது. 2017 நவம்பரில் தொடங்கிய 'உமங்' பல துறைகளின் சேவைகளை ஒரே செயலியில், தமிழ் உட்படப் பல மொழிகளில் தர முற்பட்டது. துறைக்கு ஒரு செயலி என்று கைப்பேசியை நிரப்பும் நிலைக்கு அது ஒரு மாற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளைக் கொள்ளலாம். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் செய்யும் பணிக்கும், இருப்பிடம், விரல்ரேகை முதலியவை தேவைப்படும் பணிக்கும் செயலி ஏற்றது. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் பணிக்கும், ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கவேண்டிய பணிக்கும், நீண்ட படிவத்திற்கும் இணையதளம் ஏற்றது. செயலியை நிறுவுமுன், அத்துறையின் இணையதளத்திற்குச் சென்று அங்குள்ள இணைப்பின் வழியாகவே கடைக்குச் செல்லுதல் நன்று. பெயரை ஒத்த போலிச் செயலிகள் பல உலவுகின்றன. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டுச் செயலியை இறக்குதல் எக்காரணத்தாலும் கூடாது. இணையதளத்திற்கும் முகவரியை நாமே எழுதிச் செல்லுதல் பாதுகாப்பு.

சேவை நடத்துவோர் கொள்ளவேண்டிய முடிவும் ஒன்று உண்டு. செயலி வேகத்தைத் தரலாம். ஆயின் அது ஒன்றே வழி என்றால், பழைய கைப்பேசி உடையவரும், இடம் போதாதவரும், பிறர் கருவியை இரவல் வாங்கிப் பயன்படுத்துபவரும் வெளியே நிற்பர். வணிகர் அவ்வாறு செய்து இழந்தது ஓராண்டு வணிகம். அரசு அவ்வாறு செய்தால் இழப்பு குடிமக்களுடையது. ஆகவே பொதுச் சேவை ஒவ்வொன்றிற்கும் எளிய இணையதளம் அடிப்படையாக இருத்தல் வேண்டும். அதன்மேல் செயலி அமையலாம். இரண்டும் இயலாதார்க்குத் தொலைபேசியும் சாளரமும் நிலைத்திருத்தல் வேண்டும்.

நேயர்கள் தாமும் இதில் செய்யக்கூடியது உண்டு. தமிழில் ஒரு திரை விளங்கவில்லையெனில், அல்லது தமிழே இல்லையெனில், ஆங்கிலத்திற்கு மாறிக் காரியத்தை முடித்துக்கொண்டு மறந்துவிடாதீர்கள். அத்தளத்திலோ செயலியிலோ உள்ள கருத்துப் பகுதியில், எந்தத் திரை, எந்தச் சொல், என்ன நேர்ந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 2021-ல் ஒரு விடுபாடு எடுத்துச் சொல்லப்பட்ட பின்னரே பட்டியலில் தமிழ் சேர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.